வெரி குட் வாங்கிய வயிறு

“குட்” என்கிறாள் டாக்டர். எதற்கு என்று கேட்க முடியாது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறேன், வாயைத் திறந்தால் காற்று போய்விடும். மூச்சைப் பிடிங்கம்மா என்றாள், பிடித்தேன், குட் என்றாள். அப்படியென்றால் அது எனக்கு. ஆனால் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். அப்படியென்றால் அது என் கல்லீரலுக்கு. இரண்டில் எது என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகப் படுத்திருப்பேன். இந்தச் சொல்லை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கில டீச்சர், கிரேஸ் மிஸ் என்றால் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள்கூட நிமிர்ந்து நிற்பாள். குட் எங்கே சொல்வது, அதற்கு முன்னால் வெரி எப்போது சேர்ப்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் யாராவது இருந்தால் வரட்டும், பார்த்துவிடுவோம். “மூச்சை விடலாம்மா” என்கிறாள். விடுகிறேன். நான் அதுவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்ததே அதிகம் போலிருக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது. வயிற்றில் தடவிய ஜெல் ஜில்லென்று இருக்கிறது, அதன்மேல் அந்தக் கருவி நழுவி நழுவிப் போகிறது. திரை அவள் பக்கம் திரும்பியிருக்கிறது. எனக்குத் தெரிவது அவள் முகம் மட்டும்தான். திண்டுக்கல்காரி, பெயர் ஷிஃபானா, என் மகள் வயசுதான் இருக்கும். என்னிடம் படித்தவள் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். படித்தவளாக இருந்தால் வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு இப்படிப் படுத்திருக்க முடியுமா. ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து டாக்டர் சொல்வதை அடித்துக்கொண்டிருக்கிறாள். வெளியே இவர், என் வீட்டுக்காரர் ஜெபராஜ், மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார். கரண்ட் கம்பத்தில் ஏறப் பயப்படாத மனுஷர், ஸ்கேன் சென்டர் என்றால் கைகால் உதறுகிறது.

“லிவர், நார்மல் சைஸ்” என்று டாக்டர் அந்தப் பெண்ணிடம் சொல்கிறாள். இதை நம்பலாம். இது என்னிடம் சொன்னதில்லை, என் முகத்துக்காகச் சொன்னதில்லை. நேராக நம்மிடம் சொல்லப்படும் நல்ல சொல்லில் பாதி நம்மைப் பிடித்து உட்கார வைப்பதற்காகச் சொல்வது. நான் சொல்லாததா. குட் என்பது தினப்படிச் சோறு, எல்லோருக்கும் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் முகம் வாடிப்போகும். வெரி குட் சொல்லும்போது தலையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும், சாய்க்காமல் சொன்னால் அது வெறும் குட்தான். எக்ஸலன்ட் கிறிஸ்துமஸ் கேக் மாதிரி, வாரா வாரம் கொடுத்தால் நாய்கூடச் சீண்டாது. வெல் டன் என்பது ஒரு காரியம் முடிந்த பிறகு சொல்ல வேண்டியது, பாதியில் சொன்னால் பிள்ளை பாதியிலேயே பேனாவை மூடிவிடும். நைஸ் என்று கட்டுரைக்கு அடியில் எழுதுகிற டீச்சர் கட்டுரையைப் படிக்கவில்லை என்று அர்த்தம். குட் எஃபர்ட் என்றால் விடை தப்பு, ஆனால் அழாதே. குட் கொஸ்டின் என்றால் எனக்கும் பதில் தெரியாது. போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு டிரெயினர் வந்து எங்களையெல்லாம் ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்து, குட் என்பதற்குப் பதிலாக என்னென்ன சொல்லலாம் என்று வண்ண வண்ணமாகச் சார்ட் ஒட்டினான். அமேசிங்காம், ஆசமாம், ஃபென்டாஸ்டிக்காம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘ஷி கோஸ்’ என்று சரியாக எழுதியதற்கு ஃபென்டாஸ்டிக் என்றால், நாளைக்கு அது நிஜமாகவே ஒரு கவிதை எழுதிக்கொண்டு வந்து நிற்கும்போது நான் எங்கே போவேன், எதைக் கொடுப்பேன் என்று எழுந்து கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே “குட் கொஸ்டின் மேடம்” என்றான். பின்வரிசையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மேரி டீச்சருக்குப் புரையேறிவிட்டது.

“திரும்பவும் மூச்சை இழுங்க. பிடிங்க. குட்.” இந்தக் குட் கொஞ்சம் சுருக்கமாக வந்தது. முதலில் சொன்னதில் ஒரு இழுப்பு இருந்தது, இதில் இல்லை. பித்தப்பைக்கு வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன், வலது விலாவுக்குக் கீழே அழுத்துகிறாள். அங்கே எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு எங்கே என்று எனக்குத் தெரியும். தொப்புளுக்கு மேலே, நடுவில், கையை வைத்தால் சரியாக அந்த இடத்தில் உட்காரும். மதியம் சாப்பிட்டு முடித்து ஆறாவது பீரியடுக்குப் போகும்போது தொடங்கும், உள்ளேயிருந்து முதுகுவரைக்கும் யாரோ திருகுகிற மாதிரி. கேஸ் என்றார் இவர். ஓமவாட்டர் குடித்தேன். மாத்திரை போட்டேன். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்தே இருக்கிறது, நானும் கேஸ் கேஸ் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கேஸ் இல்லை என்பது எனக்குத் தெரியும். பியூலா அக்காவுக்கும் கேஸ் என்றுதான் சொன்னோம். இப்போது அதை நினைக்கக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்காவை நினைத்தால் மூச்சு நழுவிவிடும், பிறகு குட் வராது. பார், என்ன புத்தி. கல்யாண வயசில் மகள் இருக்கிறாள், ரிட்டயர்மென்ட் பக்கத்தில் நிற்கிறது, வயிற்றுக்குள் என்ன கிடக்கிறதோ தெரியாது, நான் ஒரு சின்னப் பெண்ணிடம் குட் வாங்கப் பார்க்கிறேன். அது எங்கள் வீட்டு வியாதி. அப்பா மிஷன் பள்ளி ஹெட்மாஸ்டர், தொண்ணூறு மார்க் வாங்கிக்கொண்டு போய் நின்றால் கண்ணாடிக்கு மேலே பார்த்து ‘ஃபேர்’ என்பார். குட் என்று அவர் சொல்லிக் கேட்டது சாப்பாட்டு மேஜையில் மீன் குழம்புக்கு மட்டும்தான். அக்காவும் நானும் அந்தக் குழம்பைப் பொறாமையோடு பார்ப்போம்.

“பித்தப்பை நார்மல்” என்கிறாள் தட்டச்சுப் பெண்ணிடம். நல்லது. கருவி நடுவுக்கு வருகிறது. இதோ, இங்கேதான். அழுத்துகிறாள். எடுத்து மறுபடி ஜெல் ஊற்றி அழுத்துகிறாள். நெற்றியைச் சுருக்குகிறாள். இந்த நெற்றியை எனக்குத் தெரியும், விடைத்தாளில் கையெழுத்துப் புரியாதபோது நான் சுருக்குகிற நெற்றி. “பேங்க்ரியாஸ் சரியாத் தெரியல, கேஸ் நிறைய இருக்கு” என்கிறாள், என்னிடமா அந்தப் பெண்ணிடமா என்று தெரியாத மாதிரி. கணையம். அக்காவுக்கு அங்கேதான். “அம்மா, இங்க அழுத்துனா வலிக்குதா? முதுகுப் பக்கம் போகுதா?”

“இல்ல டாக்டர்” என்கிறேன்.

“வெரி குட்” என்கிறாள். தலையைக்கூடக் கொஞ்சம் சாய்த்தாள்.

கருவி இடப்பக்கம் போய்விட்டது. சிறுநீரகமாம், ஒருக்களிச்சுப் படுங்கம்மா என்கிறாள், படுக்கிறேன். சுவரில் காலண்டர், அதில் ஒரு குழந்தை சிரிக்கிறது. நான் என்ன சொன்னேன். இல்லை என்று சொன்னேன். வலித்தது. கருவியை அழுத்தியபோது முதுகெலும்புவரை போய் இடித்தது, கால் பெருவிரல் சுருண்டுகொண்டது, ஆனாலும் இல்ல டாக்டர் என்று வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி பளிச்சென்று சொன்னேன். அவள் கேட்ட விதம் அப்படி. வலிக்குதா என்று கேட்டபோது அவள் குரலிலேயே பதிலும் இருந்தது, இல்லை என்றால் எல்லோருக்கும் வேலை சுலபம், வெளியே இன்னும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இல்லை என்றால் குட், ஆமாம் என்றால் என்ன கிடைக்கும். நானே கேட்கிறேனே தினமும். பாடத்தை முடித்துவிட்டு, அண்டர்ஸ்டுட்? என்பேன். எஸ் மிஸ் என்று கூரை பறக்கும். குட் என்பேன். மணி அடிக்கும். யாருக்குப் புரிந்தது யாருக்குப் புரியவில்லை என்று பரீட்சையில்தான் தெரியும். எட்டாம் வகுப்பில் சண்முகவடிவு என்று ஒரு பிள்ளை, மேலப்பாட்டம் பக்கத்திலிருந்து வருவாள், ஒருநாள் எஸ் மிஸ் அடங்கிய பிறகு எழுந்து “இல்ல மிஸ், எனக்குப் புரியல” என்றாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன், முகம் சுளிக்கவில்லை, சத்தியமாகச் சுளிக்கவில்லை. ஆனால் அவள் எழுந்து நின்றதற்கு என்ன சொல்வது என்று தேடினேன். என்னிடம் இத்தனை சொல் இருக்கிறது, சென்னைக்காரன் ஒட்டிய சார்ட்டில் இன்னும் அத்தனை இருக்கிறது, ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை. உட்காரு என்று சொன்னேன்.

“மூச்சை இழுங்க. குட். கிட்னி ரெண்டும் நார்மல்.” கிட்னிக்குச் சந்தோஷம். அக்காவோடு நான்தான் மதுரைக்குப் போனேன். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவள், குரல் மணி மாதிரி இருக்கும், யார் எப்படி இருக்கே என்று கேட்டாலும் ஃபைன், ஃபைன் என்பாள், ரெண்டு தடவை. ஒரு ஃபைன் கேட்டவருக்கு, ஒரு ஃபைன் தனக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய டாக்டர் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு, நல்லா சாப்பிடுறீங்களா என்று கேட்டார். நல்லா சாப்பிடுதேன் டாக்டர் என்றாள். வெரி குட் என்றார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் லாட்ஜில் வாங்கி வந்த இட்லியில் ஒன்றைப் பிய்த்துப் போட்டு மீதியை இலையோடு மடித்தவள் அவள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன், ஏன்க்கா பொய் சொன்னே என்று. “அவரு எவ்வளவு சந்தோஷமாக் கேட்டாரு, பாவம்” என்றாள் அக்கா. எனக்கு வந்த கோபத்துக்கு ரோட்டிலேயே கத்தினேன். டாக்டரைச் சந்தோஷப்படுத்தவா பஸ் ஏறி வந்தோம்? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் அப்புறம் ரொம்பத் தாமதமாகத்தான் திரும்பப் போனோம். அவளைப் புதைத்துவிட்டு வந்த அன்று நான் இனிமேல் யாருடைய முகத்துக்காகவும் ஒரு பதில் சொல்ல மாட்டேன் என்று நினைத்தேன். நினைத்தபடியே இருந்தும் இருக்கிறேன். கரஸ்பான்டென்ட் முகத்துக்கு நேராக, உங்க இங்கிலீஷ்ல தப்பு இருக்கு சார் என்று சொன்னவள் நான். மகளைப் பெண் பார்க்க வந்தவன் எங்கள் வீட்டு காபியை மார்வலஸ் என்றபோது, தம்பி அது ஆறிப்போச்சு என்று சொன்னவள். அப்பேர்ப்பட்ட நான்.

“நேராப் படுங்கம்மா. கடைசி. யூரின் நிறைய வந்திருக்கா? குட்.” இதற்கும் குட். தண்ணீர் குடித்து அடக்கிவைத்திருப்பதற்கும் ஒரு பாராட்டு. அடிவயிற்றில் அழுத்துகிறாள், என் மானம் அவள் கையில் இருக்கிறது. இந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன். காலையிலிருந்து வயிறு வயிறாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வருகிறவர்கள் எல்லாம் நடுங்கிக்கொண்டு வருகிறார்கள், குட் குட் என்று தட்டிக்கொடுத்தால்தான் படுக்கிறார்கள். அது கையால் தட்டுவதற்குப் பதிலாக வாயால் தட்டுவது. எனக்கும் அது இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வெரி குட் என்று அவள் தலையைச் சாய்த்தபோது ஒரு நொடி எனக்கு வியாதியே இல்லை. அந்த ஒரு நொடிதான் பயமாக இருக்கிறது. வலி அங்கேயே இருக்கிறது, அவள் திரையில் கேஸ் மறைக்கிறது, நான் இல்லை என்று சொல்லியாகிவிட்டது, தட்டச்சுப் பெண் அடித்தும் முடித்திருப்பாள். இப்படியே எழுந்து போனால் எல்லோருக்கும் நல்லது. இவர் வெளியே எழுந்து நிற்பார், வழியில் பரோட்டா சால்னா வாங்கித் தருவார். நான் சாப்பிடுவேன், ஆறாவது பீரியடுக்குப் போவேன், திருகும், கேஸ் என்பேன். அக்காவை ரோட்டில் நிறுத்திக் கத்தினவள் நான்தானே. என்னை யார் நிறுத்துவது. இங்கே யாரும் இல்லை, இவர் கேட்டால் நம்பிவிடுவார், அவருக்கு நம்புவதற்கு ஆசை.

“முடிஞ்சதும்மா. ரொம்ப நல்லா கோ-ஆபரேட் பண்ணீங்க. சூப்பர் பேஷன்ட்” என்கிறாள் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. தட்டச்சுப் பெண் டிஷ்யூ பேப்பரை நீட்டுகிறாள். சூப்பர் என்ற சொல்லை என் வகுப்பில் தடை பண்ணியிருக்கிறேன், ஒப்புக்குச் சப்பாணியான சொல், எல்லாவற்றுக்கும் பொருந்தும், எதற்கும் உதவாது. துடைக்கிறேன். பிசுபிசுப்பு போகவில்லை. சேலையைச் செருகுகிறேன். திரைச்சீலையை விலக்கி அடுத்த ஆள் எட்டிப் பார்க்கிறாள், கர்ப்பிணிப் பெண், மூச்சு வாங்குகிறது. கால் தரையில் இருக்கிறது. செருப்பில் ஒன்று மேஜைக்கடியில் போயிருக்கிறது, அதைக் காலால் இழுக்கிறேன். சொல், கிரேஸ். என்ன ஆகிவிடும். அவள் முகம் மாறும், அவ்வளவுதானே. ஒரு முகம் மாறுவதைப் பார்க்கப் பயமா உனக்கு?

“டாக்டர், நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்த நடுவுல அழுத்துனப்ப வலிச்சது. நல்லாவே வலிச்சது. முதுகுக்கும் போச்சு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் மாறத்தான் செய்தது. “அப்பவே கேட்டேனேம்மா. இல்லைன்னுதானே சொன்னீங்க?”

“சொன்னேன். இப்ப ஆமான்னு சொல்லுதேன். சாப்பிட்டா அதிகமாகுது. பள்ளிக்கூடம் திறந்ததுலேருந்து இருக்கு. எங்க அக்கா கணையத்துல கேன்சர் வந்துதான் இறந்தா.”

டாக்டர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். கர்ப்பிணியைப் பார்த்து, வெளிய உக்காருங்கம்மா, கொஞ்ச நேரம் ஆகும் என்றாள். என்னைப் பார்த்துப் படுக்கச் சொல்லவில்லை, பாத்ரூம் போயிட்டு வாங்க என்றாள், அதற்காகவே அவளுக்கு எத்தனை எக்ஸலன்ட் வேண்டுமானாலும் கொடுப்பேன். வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்கள். இப்போதுதானே போய்விட்டு வந்தேன், மறுபடி நிரப்பவா என்று கேட்டேன். “வயிறு நிறையத் தண்ணி இருந்தா அது வழியாப் பின்னால இருக்கறது தெரியும்மா” என்றாள். குடித்தேன். உட்கார வைத்துப் பார்த்தாள், ஒருக்களிக்க வைத்துப் பார்த்தாள். அழுத்தினாள். “இங்கயா?” ஆமா. “இங்க?” அங்க இல்ல, இன்னும் நடுவுல. “இப்ப?” ஆமா, அங்கதான், எடுங்க, எடுங்க. நான் சத்தம் போட்டேன். அவள் குட் சொல்லவில்லை. மூச்சைப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன், அதற்கும் சொல்லவில்லை. அவள் ஒரே இடத்தில் கருவியை நிறுத்திக்கொண்டு திரையில் எதையோ ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வது அந்தக் கருவி வழியாக அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் இந்த மௌனம் எனக்கு வேண்டியிருந்தது. இதுதான் அவள் என்னைப் பார்க்கிற முதல் தடவை.

கடைசியில் ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அம்மா, ஒரு இடம் கொஞ்சம் வேற மாதிரி தெரியுது. சின்னதுதான். என்னன்னு இதுல சொல்ல முடியாது. இன்னைக்கே சி.டி. ஸ்கேன் எடுத்துருங்க, நான் அங்க போன் பண்ணிச் சொல்றேன். முதல் தடவை பார்த்தப்ப கேஸ்னு எழுதச் சொல்லிட்டேன்.” அவள் குரல் ஆடியது. என்னைத் தட்டிக்கொடுக்க ஏதோ சொல்ல வாயெடுத்தாள், எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், ஜெல் ஒட்டியது. “எழுதிக் குடுங்கம்மா, எடுத்துருதேன்” என்றேன். என் குரல் ஆடவில்லை. ஆடியிருந்தாலும் பரவாயில்லை.

வெளியே வந்தேன். இவர் எழுந்து நின்றார், கையில் என் பர்ஸ், குடை, வாட்டர் பாட்டில், எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு. “என்ன கிரேஸு, இம்புட்டு நேரம்? எல்லாம் நார்மல்தான?” என்றார். ஆமா என்று சொன்னால் அந்த முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும், முப்பது வருஷமாகப் பார்க்கிற முகம்.

“இல்லீங்க” என்றேன். “உக்காருங்க, சொல்லுதேன்.”